காலி லோரியும் செஸ்னா விமானமும்

ஈப்போவில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சின்ன விமானத்தில் பறப்பது, குண்டும் குழியுமான எஸ்டேட் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மாதிரிதான். வெயிலில் சூடான ஊரின் மேலிருந்து காற்று குபுகுபுவென்று மேலே கிளம்பும். கொஞ்சம் தள்ளி அதே காற்று கீழே இறங்கும். ஒரு பக்கம் தித்திவாங்சா மலைத்தொடர், மறுபக்கம் கிளெடாங் மலை. நடுவில் நான்கே இருக்கை கொண்ட செஸ்னா 172 மாட்டிக்கொண்டால் குலுங்காமல் என்ன செய்யும்?

நான் விண்வெளிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் மாதம் இரண்டு மணி நேரம் பறக்கப் பழகுகிறேன். (அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.) அன்று முதல் பெரிய குலுக்கல் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்றுநர் அமைதியாகக் கேட்டார்: “இப்ப என்ன வேகம் வைக்கணும்?”

எனக்கு ஒரே குஷி. பதில் கண்முன்னே ஒட்டியிருக்கிறதே! “105 நாட், கேப்டன்.”

“அது யாருடைய வேகம்?”

புரியவில்லை. அவரே திராட்டிலைக் கொஞ்சம் குறைத்து 96-இல் வைத்தார். வேறெதுவும் சொல்லவில்லை. தரையிறங்கிய பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, “கணக்குப் போடு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தத் தாளில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிவம் ஐந்து இயற்பியல் படித்தவர்களுக்கு இது போதும்.

விமானத்தின் இறக்கை எவ்வளவு தூக்க முடியும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் இறக்கையால் நான்கு மடங்கு தூக்க முடியும். வேகம் மிகவும் குறைந்தால், விமானத்தின் எடையைக்கூட அதனால் தாங்க முடியாது. அதைத்தான் ‘ஸ்டால்’ என்கிறோம். முழு எடையில் இருக்கும் செஸ்னா 172எஸ் ரகத்துக்கு, கருவிப் பிழையைத் திருத்திப் பார்த்தால், ஸ்டால் வேகம் சுமார் 53 நாட்.

இந்த விமானத்தின் கட்டமைப்பு, எடையைப் போல் 3.8 மடங்கு விசைவரை நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்கும்படி செய்யப்பட்டது. விமானிகள் இதை 3.8 ‘ஜி’ என்பார்கள். 3.8-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.95. அதை 53-ஆல் பெருக்கினால் 103 வருகிறது. இந்த வேகத்துக்குள் பறக்கும்போது கீழிருந்து ஒரு காற்று எவ்வளவு பலமாக மோதினாலும், விசை 3.8 ஜியைத் தாண்டுவதற்குள் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். ஒரு கணம் தூக்குவிசை அறுந்து, பிறகு மீண்டும் பிடித்துக்கொள்ளும். வீட்டு மின்சாரப் பெட்டியில் பியூஸ் போவதுபோல, ஸ்டால் இங்கே விமானத்தைக் காப்பாற்றுகிறது! விமானிகள் ‘விஏ’ என்று சொல்லும் வேகம் இதுதான். வேகமானியில் இதற்குக் கோடு கிடையாது. பக்கத்தில் சின்ன அட்டையாக ஒட்டியிருப்பார்கள்: 105 நாட்.

அந்த 105 முழு எடைக்கு, அதாவது 2,550 பவுண்டுக்கு உரியது. 2,200 பவுண்டானால் 98, 1,900 பவுண்டானால் 90 என்று கையேடு சொல்கிறது. அன்று நாங்கள் இருவர் மட்டும், பாதி எண்ணெயுடன் பறந்தோம். மொத்தம் சுமார் 2,150 பவுண்டு. கணக்கு 96 என்றது. அவர் வைத்த அதே வேகம்.

எடை குறைந்தால் பாதுகாப்பு கூடும், கொஞ்சம் வேகமாகவே போகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். எடை குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும். அதனால் 105 நாட்டில் போகும் லேசான விமானம் ஸ்டால் ஆகும் முன் 3.8 ஜியைத் தாண்டிவிடும்.

இறக்கை தாங்குகிற மொத்த விசை அதேதானே, அப்புறம் எது கெடும் என்று எனக்குச் சந்தேகம். கேப்டன் திரும்பி வந்து ஒரே வரியில் தீர்த்தார்: “நீ எண்ணெயைக் குறைச்ச. என்ஜினோட எடையைக் குறைச்சியா?” விமானம் லேசாகும்போது அதே விசை அதை இன்னும் வேகமாக மேலே உதறுகிறது. என்ஜினோ அதே கனம். அந்த உதறலைத் தாங்க வேண்டியது அதைப் பிடித்திருக்கும் சட்டம்.

வீட்டில் மாமாவிடம் இதைச் சொன்னேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சிரித்துவிட்டார். “காலி லோரிதாம்மா குதிக்கும். லோடு ஏத்தினா அதே ரோட்டுல சும்மா அசைஞ்சு போகும். இதுக்கா யுனிவர்சிட்டி?”

சரி, மெதுவாகப் போனால் நல்லது என்று 60 நாட்டுக்கு இறக்கிவிடலாமா? கூடாது. அங்கே ஒரு சின்ன காற்றுகூட விமானத்தை நிஜமாகவே ஸ்டால் ஆக்கிவிடும். மேலே முழு எடைக்கான விஏ, கீழே ஸ்டால், இரண்டுக்கும் நடுவில் அன்றைய எடைக்கான எண்ணைத் தேட வேண்டும். இறக்கை மடலை இறக்கிவைத்துக் குலுக்கலைச் சமாளிக்கவும் கூடாது. மடல் இறங்கியிருக்கும்போது இந்த விமானத்தின் வரம்பு 3 ஜிதான்.

இன்னொன்று. விஏ வேகத்துக்குள் இருந்தால் சுக்கானை எப்படி வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்ற நம்பிக்கை பெரிய விமானங்களின் விமானிகளிடம்கூட இருந்தது. 2001 நவம்பர் 12-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், முன்னே போன விமானம் விட்டுச்சென்ற சுழல்காற்றில் சிக்கியது. துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்தார். வேகம் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் வாலின் செங்குத்துப் பகுதி அப்படியே கழன்று போனது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். அந்த வேகம் மாறி மாறி வரும் முழு அசைவுகளுக்குக் காப்பு அல்ல என்பதைத் தெளிவாக்க, 2010-இல் அமெரிக்க விமானத்துறை விதியைத் திருத்தியது. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தனியாகப் பயிற்சிப் பகுதிக்குப் போனேன். கிளம்பும் முன் தாளில் போட்ட கணக்கு: என் எடை 115 பவுண்டு, பாதி எண்ணெய், மொத்தம் 1,963. விடை 92. அந்த எண்ணை முழங்காலில் கட்டியிருந்த தாளில் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

குன்றுகளைத் தாண்டும்போது முதல் அடி விழுந்தது. தலை கூரையில் இடித்தது. அப்போது வேகம் 108. கை நடுங்கியது உண்மை. திராட்டிலைக் குறைத்தேன், இருக்கைப் பட்டியை இறுக்கினேன். உயரம் 200 அடி ஏறியது, 150 அடி இறங்கியது. அதைத் துரத்தவில்லை. இறக்கைகளை மட்டும் மட்டமாக வைத்துக்கொண்டு, யோக்கை இரண்டு விரலால் பிடித்தபடி 92-இலேயே இருந்தேன். பத்து நிமிடத்தில் குலுக்கல் ஓய்ந்தது.

தரையிறங்கி விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். பறப்பு எப்படி என்று கேட்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தார். “92-ஆ? போகும்போது இருந்த எடைக்கா, வரும்போது இருந்த எடைக்கா?”

மறுபடியும் பென்சிலை எடுத்தேன்.