வெள்ளைக்காரர் முருங்கை வேரை அரைத்தார்! நமக்கு இலைப்பொடி இருக்கிறது

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும். தென்காசி வரை ஈரக் காற்று வீசும்.

அந்தக் குளிருக்குச் சுடுசோறு, காரப்பொடி, நல்லெண்ணெய்! வேறு என்ன வேண்டும்?

ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் சாரலுக்காகக் குற்றாலம் வந்து, பங்களாக்களில் தங்குவது வழக்கம். நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களின் நாக்கு ஒரு காரத்துக்கு ஏங்கியது. மிளகாய்க் காரம் அல்ல. அவர்கள் ஊர்க் காரம்!

குதிரை முள்ளங்கி

ஐரோப்பாவில் "ஹார்ஸ்ராடிஷ்" என்று ஒரு செடி உண்டு. தமிழில் "குதிரை முள்ளங்கி" எனலாம். குதிரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முரட்டு முள்ளங்கி என்பதே பொருள்.

அதன் வெள்ளை வேரைத் துருவி, வினிகரும் உப்பும் சேர்த்து, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். காரம் நாக்கைவிட மூக்கில்தான் ஏறும். கண்ணில் நீர் வந்துவிடும்.

அது குளிர் நாட்டுச் செடி. நம் சமவெளி வெயில் அதற்கு ஆகாது. ஆகவே, ஆங்கிலேயர் இளம் முருங்கைக் கன்றைப் பிடுங்கி முகர்ந்தார்கள். வேரில் அதே நெடி!

பிறகு கேட்க வேண்டுமா? வேரைச் சீவித் துருவி வினிகரில் போட்டார்கள். முருங்கைக்கு "குதிரை முள்ளங்கி மரம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கடுகு, முள்ளங்கி, முருங்கை மூன்றிலும் ஒரே வகைக் காரம் ஒளிந்திருக்கிறது. முழுக் கடுகை வாயில் போட்டால் காரம் தெரியாது. கடித்தால் தெரியும். நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் பொருள்கள் கலப்பதால் காரம் பிறக்கிறது.

வேர் வேண்டாம்!

ஆனால், முருங்கை வேரை யாரும் அரைத்துச் சாப்பிடக் கூடாது. வேர்ப்பட்டையில் நரம்பைத் தாக்கும் நச்சுப் பொருள் உண்டு. பட்டையைச் சீவிவிட்டாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள் வேரையும் பட்டையையும் தொடவே வேண்டாம்.

புறவாசலில் நிற்கும் மரத்தில் இலை இருக்கும்போது வேரைத் தோண்டுவானேன்?

பொடி செய்யும் விதம்

சித்திரை, வைகாசியிலேயே இலையைக் காயவைத்துவிட வேண்டும். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் உப்புகூட நீர்விடும். இலை எப்படிக் காயும்?

இலையை உருவி, காம்பு நீக்கி, கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சத்துக் குறையும். கையால் நொறுக்கினால் நொறுங்க வேண்டும். அதுதான் பதம்.

உலர்ந்த இலை இரண்டு கைப்பிடிக்கு, உளுத்தம்பருப்பு மூன்று கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு கரண்டி, மிளகாய் வற்றல் எட்டு, சிறிது புளி, பெருங்காயம், உப்பு. பருப்பையும் வற்றலையும் தனியே சிவக்க வறுக்கவும். இலையை மட்டும் அடுப்பை அணைத்தபின் சூடான சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். ஆறியபின் இடிக்கவும். பூண்டு பிடித்தவர்கள் நான்கு பல் வதக்கிச் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பொடி நெடுநாள் நிற்காது.

என்ன சத்து?

100 கிராம் பச்சை முருங்கைக் கீரையில் புரதம் 6 கிராமுக்கு மேல் உண்டு. சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். இரும்புச் சத்தும், கண்ணுக்கு நல்லதான "வைட்டமின் ஏ" தரும் பொருளும் இருக்கின்றன. காயும்போது "வைட்டமின் சி" பெரும்பாலும் போய்விடும். ஆகவே, பொடிச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும்.

சர்க்கரை நோய்க்கு முருங்கைப் பொடியே போதும் என்று சிலர் சொல்வதை நம்பி, மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இது உணவு. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு மாற்று அல்ல.

பொடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். சாரல் காலத்தில் ஈரக் கரண்டி ஒருமுறை பட்டால் போதும், பூஞ்சை பிடித்துவிடும்!