போர்டு போகவில்லை, பயாஸ்தான் போயிருக்கிறது

“பவர் வருது, டிஸ்பிளே மட்டும் வரல.” பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். அவசரக்காரக் கடை என்றால் “போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க” என்று அனுப்பிவிடுவார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சிப் லெவல் சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக் அவ்வளவு சீக்கிரம் கைவிரிப்பதில்லை. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாக வோல்டேஜ் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால், போர்டில் நகத்தளவுகூட இல்லாத ஓர் எட்டுக் கால் சிப்பின் மேல் அவர் சந்தேகம் திரும்பும்.

பயாஸ் குடியிருப்பது அந்தச் சிப்பில்தான். சுவிட்சைத் தட்டியதும் பிராசசர் படிக்கும் முதல் கட்டளை அங்கிருந்து வருகிறது. ரேமைத் தயார்செய்வது, திரையை உயிர்ப்பிப்பது, ஹார்டு டிஸ்க்கைத் தேடிப்பிடித்து விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புவது எல்லாம் அதன் பிறகு. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய லேப்டாப்பில் இந்த மொத்தச் சரக்கும் 8 மெகாபைட் அளவில் அடங்கிவிடும், செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களின் அளவு. அதில் முக்கியமான இடத்தில் சில பைட்டுகள் கெட்டால் போதும், பழுதில்லாத பிராசசரும் ரேமும் ஊமையாக நிற்கும்.

கெடுவதற்குக் காரணங்கள் பல. அப்டேட் ஓடும்போது கரண்ட் போவது, வேறு மாடலின் ஃபைலை ஏற்றிவிடுவது இரண்டும் அன்றாடம் நடப்பவை. வயதும் ஒரு காரணம். ஃபிளாஷ் சிப் தன்னுள் அடைத்துவைத்த மின்னூட்டமாகத்தான் தகவலைக் காக்கிறது. 20 ஆண்டுகள் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். 2005இல் வாங்கிய கணினிகள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டன. சில நேரம் நல்ல மென்பொருளே கெடுத்துவிடும். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10ஐ அதன் நிறுவனமே இணையதளத்திலிருந்து இறக்கவேண்டி வந்தது. அதில் இருந்த ஒரு டிரைவர், சில லெனோவா லேப்டாப்களின் பயாஸ் சிப்பைப் பூட்டிவிட்டது. அமைப்புகளை மாற்றினால் பதியவில்லை, சிலவற்றில் பென் டிரைவிலிருந்து பூட் செய்யவும் முடியவில்லை.

இதில் பெரிய அத்தியாயம் 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஹெச் வைரஸ் அன்று விழித்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் பெயர் வாங்கியது. ஹார்டு டிஸ்க்கின் முதல் 1 மெகாபைட்டை அழித்ததோடு நிற்காமல், சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அன்று கைகொடுத்த வைத்தியம் நெஞ்சுரம் கேட்பது. அந்தக் காலத்துச் சிப்புகள் பல சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தன. அதே வகைப் போர்டு உள்ள நல்ல கணினி ஒன்றை ஆன் செய்து விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளம் வரை கொண்டுவருவார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைக் கழற்றி, செத்த சிப்பைச் செருகி, புதிதாக எழுதுவார்கள். பயாஸின் நகல் அதற்குள் ரேமுக்குப் போயிருக்கும் என்பதால் கணினி நிற்காது. ஒரு கால் வளைந்தாலோ இன்னொரு காலைத் தொட்டாலோ இரண்டும் போய்விடும்.

இப்போது சிப் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கருவிகளும் மலிந்துவிட்டன. சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஹெச்341ஏ என்ற சின்னப் புரோகிராமர் கருவி, சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளிப், ஃபிளாஷ்ராம் என்ற இலவச மென்பொருள். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கிளிப்பை மாட்டி, உள்ளே இருப்பதைப் படித்து வைத்துக்கொண்டு, சரியான ஃபைலை எழுதவேண்டும். கடைக்காரர்கள் அதை ‘பின் ஃபைல்’ என்பார்கள். யாரோ கொடுத்த பின் ஃபைலை அப்படியே ஏற்றினால் திரை வந்துவிடும், ஆனால் கைவேலை அரைகுறைதான். அந்த இயந்திரத்தின் சீரியல் எண்ணும், விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸோடு வந்ததென்றால் அதன் லைசென்ஸ் சாவியும், பல மாடல்களில் லேன் முகவரியும் அதே சிப்பில்தான் இருக்கின்றன. முதலில் படித்து வைத்த பழைய ஃபைலிலிருந்து, அதாவது டம்ப்பிலிருந்து, இவற்றை எடுத்துப் புதிய ஃபைலில் பொருத்திவிட்டு எழுதுகிறவரே தொழில் தெரிந்தவர். வோல்டேஜும் முக்கியம். சிப் 3.3 வோல்ட் வகையா, 1.8 வோல்ட் வகையா என்று அதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் கிளிப்பை மாட்டக் கூடாது.

சரி, அந்தச் சரியான ஃபைல் எங்கே கிடைக்கும்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2019 நவம்பரில் இன்டெல் தன் பழைய டெஸ்க்டாப் போர்டுகளுக்கான பயாஸையும் டிரைவர்களையும் இணையதளத்திலிருந்து நீக்கியது. 2014இல் ஹெச்பி, தன் புரோலயன்ட் சர்வர்களின் ஃபர்ம்வேர் (பயாஸ் போலச் சிப்பில் குடியிருக்கும் மென்பொருள்) அப்டேட்டுகளை வாரன்டியோ சேவை ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. சில மெகாபைட் ஃபைலை ஒரு சர்வரில் வைத்திருப்பதால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகாது. எடுத்துவிட்டால் மட்டும், செகண்ட் ஹேண்டில் வாங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் கணினி எடைக்குப் போகிறது. ஆதரவை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமையாக இருக்கட்டும். கடைசி ஃபர்ம்வேரையும் அதைப் பூட்டியிருக்கும் சாவியையும் பொதுவில் வைத்துவிட்டு நிறுத்துவதைச் சட்டமே கட்டாயமாக்கவேண்டும்.

நிறுவனத்தை நம்பாமல் பயாஸையே புதிதாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்து ஒரே கணக்கைப் போடவைப்பது அங்கே வேலை. விசைப்பலகை இல்லை என்று ஒரு கணினியின் பயாஸ் அடம்பிடித்து நின்றால் யாராவது போய் விசையை அழுத்தவேண்டும். 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறிய அந்தத் திட்டம் பின்னாளில் குரோம்புக்குகளிலும் இடம்பிடித்தது.

2012இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 கோர்பூட்காரர்களின் செல்லம். அதன் சொந்த பயாஸ், பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் போட்டால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். கோர்பூட் ஏற்றினால் அந்தத் தடை இல்லை. அடுத்த தலைமுறையிலேயே கதவு மூடத் தொடங்கியது. 2013 முதல் இன்டெல் கொண்டுவந்த பூட் கார்டு வசதியை லேப்டாப் நிறுவனம் முடுக்கிவிட்டால், அதன் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஓடாது. ஃபர்ம்வேருக்குள் புகும் வைரஸைத் தடுக்க அது உதவுகிறது என்பது உண்மை. அதே பூட்டு உரிமையாளரையும் வெளியே நிறுத்துகிறது.

கைவிடப்பட்ட மென்பொருளை மீட்ட கதைகளில் எனக்கு நெருக்கமானது ஃப்ரீடாஸ். விண்டோஸின் அடுத்த பதிப்போடு டாஸின் காலம் முடியப்போகிறது என்று தெரிந்த 1994 ஜூனில், அமெரிக்காவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால், நாமே ஒரு டாஸ் எழுதுவோம் என்று அறிவித்தார். பாட் வில்லானி கெர்னலைக் கொடுத்தார், மற்றவர்கள் ஒவ்வொரு கட்டளையாக எழுதிச் சேர்த்தார்கள். 1.0 பதிப்பு வர 2006 ஆனது. 1.4 பதிப்பு 2025இல் வந்திருக்கிறது. 1988இல் வெளியான எம்எஸ்-டாஸ் 4இன் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் திறந்துவைத்தது 2024இல்தான். நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் இல்லாமல், விலை குறைவாக, ‘டாஸ் லேப்டாப்’ என்று விற்றவை பலவற்றில் இருந்தது இந்த ஃப்ரீடாஸ்தான். டாஸ் காலத்து பில்லிங் புரோகிராமும் லேப் கருவியின் மென்பொருளும் அதில் இன்றும் ஓடும். ஆனால் அது நடப்பதே பழைய பாணி பயாஸை நம்பி. பழைய பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புதிய கணினிகளில் அது நேரடியாக பூட் ஆகாது. ஆகவே டாஸைக் காக்க நினைப்பவர்கள் பழைய போர்டையும் அதன் எட்டுக் கால் சிப்பையும் சேர்த்தே காக்கவேண்டியிருக்கிறது.

வீட்டில் பழைய லேப்டாப் நல்ல நிலையில் இருக்கிறவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான கடைசி பயாஸ் ஃபைல் இன்னும் இருந்தால் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமரை வாங்கித் தாமே முயல்பவர்கள் சிப்பை முதலில் இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடவேண்டும். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். கழற்றி மாட்டி மறுபடி படியுங்கள். ஒத்துப்போனால் மாடல் எண்ணையும் தேதியையும் பெயராக இட்டு, வேறொரு கணினியில் சேமித்துவிட்டு, அதன் பிறகே எழுதத் தொடங்குங்கள்.