எத்தனை விசில்னு கேட்டா இந்த மெஷின் என்ன சொல்லும்?

இந்த வாரம் கோட் கிடையாது, சர்வர் கிடையாது. சமையல்கட்டுக்குள்ள போறோம். ஆனா வழக்கம்போல ஒரு மெஷினைப் பிரிச்சுப் பாக்கத்தான் போறோம்.

எங்க வீடு தர்மபுரி மாவட்டத்துல, பாலக்கோடு பக்கம். எனக்கு பெங்களூரு ஆபீஸ், வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்துதான் வேலை. போன வருஷம் அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப் போச்சு. கையைத் தூக்கி தலை வார முடியல. டாக்டர் பாத்துட்டு, "மூணு மாசத்துக்கு இழுத்துக் கிண்டுற வேலை, தூக்குற வேலை எதுவும் வேண்டாம்"னு சொல்லிட்டார். எங்க வீட்ல வாரத்துல நாலு நாள் ராகி களி. அப்போ இழுத்துக் கிண்டுற வேலைன்னா அது என்னன்னு உங்களுக்கே தெரியும்.

நான் இன்ஜினியர் இல்லையா, உடனே ஒரு மெஷின் ஆர்டர் பண்ணிட்டேன். எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். பெட்டி மேல "செவன் இன் ஒன்"னு போட்டிருந்துச்சு. சோறு, பருப்பு, ஆவியில வேகவைக்கிறது, வதக்குறது, தயிர், சூடா வெச்சிருக்கிறது, மெதுவா வேகவைக்கிறதுன்னு ஏழு வேலை. அம்மா அதைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏன் கண்ணு, இதுல எத்தனை விசில்?"

எனக்குப் பதில் தெரியல. இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு

மூடியைத் திறந்து உள்பாத்திரத்தை வெளிய எடுத்தா, அடியில ஒரு வட்டமான ஹீட்டர் தகடு. நடுவுல பட்டன் மாதிரி ஒண்ணு, ஸ்பிரிங் வெச்சு பாத்திரத்தோட அடியைத் தொட்டுட்டு இருக்கும். அதுதான் வெப்பத்தை அளக்கிற சென்சார். இதோட பிரஷரைப் பாத்துக்க ஒரு சுவிட்ச், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அவ்ளோதான். செவன் இன் ஒன்னா ஏழு மெஷின் இல்ல. ஒரே ஹீட்டர், ஏழு புரோகிராம். தயிர் பட்டனை அழுத்தினா 40 டிகிரி பக்கத்துல நிறுத்தி வைக்கும். வதக்குற பட்டன்னா மூடி இல்லாம நல்லா சூடேத்தும். நாம எழுதுற இஃப்-எல்ஸ்தான், வேற ஒண்ணும் இல்ல.

இந்த ஐடியாவுக்கு வயசு அதிகம். 1955-ல ஜப்பான்ல தோஷிபா கம்பெனி ஆட்டோமேட்டிக் ரைஸ் குக்கரைக் கொண்டு வந்துச்சு. அதை உருவாக்கினவர் யோஷிததா மினாமி. ஆனா வீட்ல உக்காந்து திரும்பத் திரும்ப சோறு ஆக்கி, சோதனை பண்ணிப் பாத்தது அவரோட மனைவி ஃபுமிகோ. சோறு வெந்துடுச்சுன்னு அந்தக் குக்கருக்கு எப்படித் தெரியும்? ரொம்ப எளிமையான விஷயம். தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி தீர்ந்ததும் சூடு சட்டுனு ஏறும். அந்த ஏற்றத்தைப் பாத்து சுவிட்ச் அணைஞ்சுடும். மெஷினுக்குச் சோறு தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, களி கிண்டும்போது திரும்ப வருவோம்.

2010-ல கனடாவுல ராபர்ட் வாங் அப்படின்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச ஒருத்தர், இதே மாதிரி சென்சார் வெச்ச பிரஷர் குக்கரை இன்ஸ்டன்ட் பாட்ங்கிற பேர்ல கொண்டு வந்தார். இன்னைக்கு நம்ம ஊர் கடையில இருக்கிற எலக்ட்ரிக் குக்கர் எல்லாமே ஏறக்குறைய அதே அமைப்புதான்.

விசில்ங்கிறது ஒரு அளவா?

பிரஷர் குக்கர் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. ஓசூர்ல பிரஸ்டீஜ் குக்கர் தொழிற்சாலை இருக்கு. 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியற வரைக்கும் ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். ஒரு தலைமுறையே "மூணு விசில் விட்டு இறக்கு"ன்னுதான் சமையல் கத்துக்கிச்சு.

ஆனா விசில்னா என்ன? உள்ள ஆவியோட அழுத்தம் ஏறி, மேல இருக்கிற வெயிட்டைத் தூக்கும்போது வர்ற சத்தம். அடுப்பை முழுசா எரியவிட்டா மூணு விசில் நாலு நிமிஷத்துலயே வந்துடும். சிம்ல வெச்சா அதே மூணு விசிலுக்கு கால் மணி நேரம் ஆகும். அப்போ விசில் காட்டுறது நேரத்தை இல்ல, அடுப்பு எவ்வளவு வேகமா எரியுதுங்கிறதைத்தான். அம்மாவோட மூணு விசில் அவங்க அடுப்பு, அவங்க குக்கர், அவங்க வைக்கிற தீ, எல்லாத்துக்கும் சேர்த்து உண்டான கணக்கு. அதனாலதான் அதே மூணு விசில் பெங்களூர்ல என் ரூம்ல வேகாத பருப்பா வந்துச்சு.

எலக்ட்ரிக் குக்கர் விசில் அடிக்காது. அழுத்தம் சேர்ந்ததும் ஹீட்டரை நிறுத்தும், குறைஞ்சா திரும்பப் போடும். நாம வைக்கிற நிமிஷக் கணக்கு அழுத்தம் சேர்ந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். பத்து நிமிஷம்னு வெச்சா பத்து நிமிஷத்துல சாப்பாடு ரெடின்னு நினைக்காதீங்க. சூடேற பத்து, வேக பத்து, அழுத்தம் இறங்கப் பத்துன்னு மனசுல போட்டுக்கங்க.

இன்னொரு விஷயம். அடுப்புல வைக்கிற குக்கர் ஏறக்குறைய 120 டிகிரி வரைக்கும் போகும். எலக்ட்ரிக் குக்கர்ல அழுத்தம் கொஞ்சம் கம்மி, 115 டிகிரி வாக்குலதான் நிக்கும். அதனால எதுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுக்கணும். எங்க வீட்ல சரியா வந்த கணக்கைச் சொல்றேன். துவரம் பருப்பு 10 நிமிஷம். ராத்திரி ஊற வெச்ச கொள்ளு 20, கொண்டைக்கடலை 25. ஆட்டுக்கறி 30. ஆவி வெளிய போகாததால தண்ணியை வழக்கத்தைவிட கால் பங்கு குறைச்சுக்கங்க. பருப்பு, பயறு எல்லாம் பொங்கும், பாதிப் பாத்திரத்துக்கு மேல வேண்டாம்.

களி வெச்ச கதை

முதல் வாரம் பருப்பு, கொள்ளு ரசம், பிரியாணி எல்லாம் நல்லா வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. ரெண்டாவது வாரம் களி. உள்பாத்திரத்துலயே தண்ணி கொதிக்க விட்டு, ராகி மாவைக் கொட்டி, மூடி போட்டேன். நாலாவது நிமிஷம் மெஷின் கத்துச்சு. திரையில "பர்ன்"னு எழுத்து. திறந்து பாத்தா அடியில கருப்பு, நடுவுல பச்சை மாவு, மேல தண்ணி.

இது மெஷினோட குறை இல்ல. நான் ஃபிசிக்ஸை மறந்துட்டேன். சாம்பார் வேகும்போது அடியில சூடான தண்ணி மேல ஏறும், மேல இருக்கிறது கீழ இறங்கும். இந்தச் சுழற்சிதான் சூட்டைப் பாத்திரம் முழுக்கக் கொண்டு போகுது. ராகியில இருக்கிற மாவுச்சத்து 70 டிகிரி தாண்டுறதுக்குள்ள தண்ணியைக் குடிச்சுக் கெட்டியாயிடும். கெட்டியானா சுழற்சி நின்னுடும். அடியில வர்ற சூடு அடியிலயே தங்கிடும். அடி மட்டும் 130, 140னு ஏறும். சென்சார் தொட்டுட்டு இருக்கிறதோ அந்த அடியைத்தான். உடனே ஹீட்டரை அணைச்சிடுச்சு. மெஷினுக்குச் சூடு மட்டும்தான் தெரியும்னு சொன்னேன் இல்ல, அதுதான் இது.

அம்மா கிண்டுறதுக்கு அர்த்தம் அப்போதான் புரிஞ்சுது. கவட்டைக் குச்சியால பானையை அமுக்கிப் பிடிச்சுட்டு, துடுப்பால அவங்க இழுக்குறது கட்டியை உடைக்க மட்டும் இல்ல. நின்னு போன சுழற்சியை அவங்க கையால ஓட்டுறாங்க. ஏழு புரோகிராம்ல எதுவும் அந்த வேலையைச் செய்யாது. ஏன்னா உள்ள மோட்டாரே இல்ல. அரைச்சுக்கிட்டே சமைக்கிற மெஷின் இருக்கு, ஜெர்மனியில தெர்மோமிக்ஸ் மாதிரி. ஆனா உருண்டை பிடிக்கிற பதத்துல இருக்கிற களியை அதுல போட்டுச் சோதிக்க எனக்குத் தைரியம் இல்ல, காசும் இல்ல.

2011 செப்டம்பர்ல ஜெயலலிதா தொடங்கின விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டம் ஞாபகம் இருக்கா? ஆட்டுக்கல், அம்மி வேலை நிறைய வீட்ல அதோட குறைஞ்சுது. அரைக்கிறதை மெஷின் எடுத்துக்கிச்சு. கிண்டுறது மட்டும் இன்னும் தோள்லதான் இருக்கு.

எங்களுக்கு வந்த வழி

நாலு தடவை சொதப்பி, இப்போ பிடிபட்ட முறை இது. மூணு பேருக்கு. குக்கரோட உள்பாத்திரத்துல ஒன்றரை டம்ளர் தண்ணி, மேல ஸ்டாண்ட். அதுக்கு மேல கனமான இன்னொரு பாத்திரம். அதுல கால் டம்ளர் அரிசி நொய், 2¾ டம்ளர் தண்ணி, கொஞ்சம் உப்பு. 10 நிமிஷம் வேக விடுங்க. அழுத்தம் தானா இறங்கினதும் திறந்து, ஒரு டம்ளர் ராகி மாவை நடுவுல குவியலாக் கொட்டுங்க. கிளறாதீங்க. கரண்டிக் காம்பால நடுவுல ஒரு குழி மட்டும் போடுங்க. ஸ்டாண்டுக்குக் கீழ தண்ணி இருக்கான்னு பாத்துட்டு, பாத்திரத்தை ஒரு தட்டால மூடி, திரும்ப 5 நிமிஷம். தானா அழுத்தம் இறங்குற வரைக்கும் மூடியில கை வைக்காதீங்க, அவசரப்பட்டா கொதிக்கிற கஞ்சி மேல தெறிக்கும்.

இங்க களி ஹீட்டரைத் தொடுறதே இல்ல. சுத்தி இருக்கிற ஆவியில வேகுது, அதனால அடி பிடிக்காது. கடைசியில இடுக்கியால எடுத்து, தரையில துணி போட்டு வெச்சு, மூணு நிமிஷம் கிண்டணும். முன்னாடி அடுப்புக்கு முன்னாடி நின்னு கால் மணி நேரம். இப்போ மூணு நிமிஷம். ஆனா அந்த மூணு நிமிஷத்துக்கு மெஷின் கிடையாது.

கரண்ட் பத்திக் கேப்பீங்க. 1000 வாட் ஹீட்டர் மொத்தமா 20 நிமிஷம் எரிஞ்சா மூணுல ஒரு யூனிட். உங்களுக்கு இலவச யூனிட் இருந்தா, அதுக்குள்ள அடங்குதான்னு உங்க மீட்டரைப் பாத்துக்கங்க. எங்க ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கிடும். ஹீட்டரோட பவர் வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். 230-ஐ 180 ஆக்கினா 1000 வாட் ஹீட்டர் 610 வாட் மாதிரிதான் வேலை செய்யும். வேகுற நிமிஷம் மாறாது, சூடேறுற நேரம் மட்டும் இழுக்கும். மெஷின் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க.

வாங்கலாமா?

வாங்குறதுக்கு முன்னாடி, "இது எத்தனை இன் ஒன்"னு பாக்காதீங்க. உங்க வீட்ல எந்த வேலை யாரோட கையை நோகடிக்குதுன்னு பாருங்க. அடுப்பைப் பாத்துட்டே நிக்கிறதுதான் கஷ்டம்னா இது நல்ல மெஷின். மாவாட்டுறது கஷ்டம்னா கிரைண்டர். கிண்டுறது கஷ்டம்னா, இப்போதைக்கு வீட்ல இருக்கிற இன்னொரு ஆள்தான்.

எங்க வீட்ல அந்த ஆள் நான். அம்மா முக்காலியில உக்காந்து, "அடியில இருந்து இழு, சுத்தாத, இழு"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. முதல் தடவை நான் கிண்டின களியை அப்பா கீரைக் கடைசல்ல தொட்டுச் சாப்பிட்டுட்டு, "நடுவுல கட்டி இருக்கே"ன்னார். அம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. "கல்யாணமாகி வந்த புதுசுல நான் கிண்டினதுலயும் இருந்துச்சு, அப்பவும் இதேதான் சொன்னீங்க."

மூணு மாசம் முடிஞ்சிருச்சு. தோள் பரவாயில்ல, கை தலைக்கு மேல போகுது. துடுப்பு இன்னும் என்கிட்டதான் இருக்கு. அம்மாவோட கேள்விக்குப் பதிலையும் ஒரு பேப்பர்ல எழுதி மசாலா டப்பா பக்கத்துல ஒட்டிட்டேன்: பருப்பு 10, கொள்ளு 20, கறி 30. அம்மா அதுக்குக் கீழ பேனாவால அவங்களே சேர்த்தது, "களி, 10, 5, அப்புறம் தம்பி".

உங்க வீட்ல எந்தச் சமையலுக்கு எத்தனை நிமிஷம்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. விசில் கணக்கா இருந்தாலும் பரவாயில்ல, மாத்திப் பாப்போம். அடுத்த வாரம் சந்திக்கலாம்.