சிற்றூர் உயர்நிலைப் பள்ளியும் ஆங்கில ஆசிரியரும்
(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு நோக்கு)

தோற்றுவாய்

புதுச்சேரி என்றவுடன் கடற்கரையும் நேர்நேரான தெருக்களுமே பலர் நினைவுக்கு வரும். அந்நகருக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் ஏரியும் வயலும் சூழ்ந்த கொம்யூன்களாக விளங்குகின்றன. இவற்றின் சிற்றூர்களில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடைபெறும் சிறிய அரசு உயர்நிலைப் பள்ளிகள் பல உள்ளன. அங்கே ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, கற்பிக்கும் ஆசிரியரின் நிலை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை கட்டுரையின் இறுதியில் தானே விளங்கும்.

பழைய கல்விநிலம்

இப்பகுதி கல்விக்குப் புதியதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையில் முதலாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று (கி.பி. 1048) 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் குறிப்பிடுகிறது. இன்றைய சிறிய உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அளவும் ஏறத்தாழ அதுவே.

ஈண்டு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்பழைய கல்லூரிகளில் வடமொழி நூல்களே பெரிதும் பயிலப்பட்டன. பின்னர்ப் பிரெஞ்சு ஆட்சியில் பிரெஞ்சு உயர்கல்வியின் வாயிலாயிற்று. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அதன்பின் பிரெஞ்சு இருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. ஆக, வீட்டில் ஒரு மொழியும் ஏட்டில் வேறொரு மொழியுமாகப் பயிலும் நிலை இம்மண்ணுக்கு ஆயிரமாண்டுப் பழக்கம் எனலாம். அன்று அவ்வாறு பயின்றோர் சிலர். இன்றோ உழவர் பிள்ளையும் கொத்தனார் பிள்ளையும் ஒருங்கே பயில்கின்றனர். வேறுபாடு இதுவே, பெருமையும் இதுவே.

வில்லியனூரில் 1915இல் பிறந்து, பாகூர்ப் பகுதியைச் சார்ந்த சேலியமேட்டில் வாழ்ந்து, 1974இல் மறைந்த கவிஞரேறு வாணிதாசன் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். தமிழோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர். பிறமொழி அறிவு அவர்தம் தமிழைக் குறைக்கவில்லை. இயற்கையைப் பாடிய அவரைத் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று அறிஞர் போற்றினர்.

இடர் எங்கே உள்ளது?

ஆங்கிலம் நம் மாணவர்க்கு அரிதாவது அறிவுக் குறைவால் அன்று. இரு மொழிகளின் அமைப்பே வேறு. தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். 'பள்ளிக்கு' என்பதில் 'கு' பெயருக்குப் பின் ஒட்டுகிறது. 'டு ஸ்கூல்' என்பதில் 'டு' முன்னே தனித்து நிற்கிறது. மேசையில், பெட்டியில், வீட்டில் என்று 'இல்' ஒன்றாலேயே நாம் கூறுவனவற்றை ஆங்கிலேயர் 'ஆன்', 'இன்', 'அட்' என மூன்றாகப் பிரிப்பர். 'நீ உண்ணவில்லையா?' என்று கேட்டால், உண்ணாதவன் தமிழில் 'ஆம்' என்பான். ஆங்கிலத்தில் 'நோ' என்றல் வேண்டும். தமிழ்ச் சொல் மெய்ம்மயக்கத்தோடு தொடங்காது. ஆதலின் 'ஸ்கூல்' என்பது சிற்றூர்ச் சிறுவன் நாவில் 'இஸ்கூல்' ஆகிறது. அது பிழையன்று; அவன் தாய்மொழியின் ஒலிவிதி செய்யும் வேலை. வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் மக்தபில் ஓதிப் பழகிய பிள்ளைக்கு 'ஃப' ஒலி இயல்பாக வந்துவிடுகிறது. அரபு எழுத்தோடு பழகிய பயன் அது. முன்பே பெற்ற பயிற்சி ஒவ்வொன்றும் புதிய மொழிக்குத் துணையாகும் என்பதற்கு இது சான்று.

முறைகள் பல

ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் தென்னகம் பல முயற்சிகளைக் கண்டுள்ளது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்க்கு அமைப்புமுறையில் மறுபயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. பயின்றவர் பிறர்க்குப் பயிற்றுவிக்க, பனிப்பந்து உருண்டு பெருகுவது போலப் பயிற்சி பரவும் என்று கருதினர். 1963இல் பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தோன்றியது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய ஆய்வுத் திட்டம் உலகறிந்தது. அது நடைபெற்ற இடங்களுள் பாகூருக்கு அண்மையிலுள்ள கடலூரும் ஒன்று. இலக்கண விதிகளை முதலில் ஓதாமல், புகைவண்டி கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து வினாக்களுக்கு விடை காணச் செய்வது அம்முறை. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஒரு பணியைச் செய்து காட்டுவார். பின்னர் அதையொத்த மற்றொன்றை மாணவர் தாமே செய்வர். கருத்து பொருளில் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது அதன் அடிப்படை.

நாம் கண்டது

சில ஆண்டுகட்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் பொருட்டுப் பாகூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தங்குதடையின்றி ஒப்பித்தாள். மகிழ்ந்து, 'உன் தந்தை என்ன செய்கிறார்?' என்று ஆங்கிலத்தில் வினவினோம். அவள் விழித்தாள், பின்பு, "அதெல்லாம் பரீட்சையில கேட்க மாட்டாங்க சார்" என்றாள். அருகிலிருந்த ஆங்கில ஆசிரியர் தலைகுனிந்தார்.

அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு 35 பேர் எனக் கொண்டால் 175 பேர். வாரம் ஒரு கட்டுரை எழுதச் செய்து, ஏடு ஒன்றுக்கு மூன்று மணித்துளி செலவிட்டுத் திருத்தினாலும் 525 மணித்துளி, அஃதாவது எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். பாடவேளைகள் போக எஞ்சிய நேரத்தில் இது நடைபெறல் வேண்டும். இடையே தேர்தல் பணியும் வரும். நகரத்திலிருந்து காலைப் பேருந்தைப் பிடித்து வருபவர், அடுத்த ஆண்டில் காரைக்காலுக்கோ மாகேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றப்படலாம். அவர் பிள்ளைகளின் பெயரைக் கற்று முடிப்பதற்குள் ஊரே மாறிவிடுகிறது. பெரிய பள்ளியில் ஐயம் நேர்ந்தால் கேட்க உடன் ஆசிரியர் இருப்பர். சிறிய பள்ளியிலோ அவர் தனியர். ஆதலின் தேர்ச்சி மதிப்பெண்ணாகிய 35ஐ எட்ட உரைநூல்களே புகலிடமாயின.

நன்னூலார் ஆகாத ஆசிரியர்க்குப் பருத்திக் குண்டிகையை உவமை கூறினார். சிறிது சிறிதாகத் திணித்த பஞ்சு, எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே வரும். நம் காலத்தில் அவ்வுவமை மனப்பாடம் செய்த மாணவனுக்கே பொருந்துகிறது. அவனை அக்குண்டிகை ஆக்கியது தேர்வு முறையே அன்றித் தனி ஆசிரியர் அல்லர்.

அதன் விளைவைக் கல்லூரியில் நாம் காண்கிறோம். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் முதற்பகுதித் தமிழிலும் முதன்மைப் பாடங்கள் அனைத்திலும் தேறினார். இரண்டாம் பகுதி ஆங்கிலத்தில் ஒரு தாள் மட்டும் நிலுவையாய் நின்றது. பட்டம் கைக்கு வரவில்லை. பின்னொரு நாள் தந்தையோடு கட்டட வேலையில் அவரைக் கண்டபோது, 'தமிழில் நன்றாக எழுதுவாயே' என்று மட்டுமே நம்மால் கூற முடிந்தது. மூன்றாண்டுகள் அவர் நம் வகுப்பில் இருந்தார். அவருடைய ஆங்கிலத் தாளைப் பற்றி நாம் ஒருமுறையும் கேட்டதில்லை. அக்குற்றம் நம்முடையதே.

இன்றைய நிலை

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. 2023-24ஆம் கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம் உயர்வகுப்புகளிலும் புகுந்தது. 2025இல் பத்தாம் வகுப்பு மாணவர் அவ்வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினர். இதனால் ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் நில்லாது, அறிவியலுக்கும் கணக்குக்கும் சமூகவியலுக்கும் வாயிலாயிற்று. ஆங்கிலம் விளங்காதவனுக்கு முன்பு ஒரு பாடமே மூடியிருந்தது. இப்போது பல பாடங்கள் மூடிக்கொள்ளும். ஆயின் ஒரு நன்மையும் உண்டு. கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அகமதிப்பீட்டில் இடமிருப்பதால், 'பரீட்சையில் கேட்கமாட்டார்கள்' என்று இனி எவரும் கூறவியலாது.

செய்யத்தக்கன

முதலாவது, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருங்கிருந்து பாடம் திட்டமிடல் வேண்டும். தமிழ் வகுப்பில் வேற்றுமை நடைபெறும் வாரத்திலேயே ஆங்கில வகுப்பில் முன்னிடைச் சொற்கள் நடைபெறுமாயின் ஒன்று மற்றொன்றை விளக்கும். இரண்டாவது, கடலூர்ப் பேருந்தின் கால அட்டவணை, உரமூட்டையின் மேல் அச்சிட்ட குறிப்பு, மருந்துச் சீட்டு ஆகியன பாடப்பொருளாகட்டும். மூன்றாவது, ஓர் ஆசிரியர் ஒரே பள்ளியில் சில ஆண்டுகளேனும் நிலைத்திருக்க வழி காணல் வேண்டும். நான்காவது, அண்மையிலுள்ள நாலைந்து சிறிய பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் திங்கள் ஒருமுறை கூடிப் பேசினால் தனிமை நீங்கும்.

முடிவுரை

தாய்மொழியில் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கூற வல்ல பிள்ளையே பிறமொழியிலும் அதனைச் செய்ய வல்லதாகும். தமிழ் வகுப்பில் அத்திறம் ஊன்றாவிடின், ஆங்கில ஆசிரியர் எத்துணை உழைத்தும் பயனில்லை. ஆதலின் அவர்தம் சுமையில் ஒரு பங்கு நம்முடையது. தமிழ்த்துறை மலரில் இதனை எழுதியதன் காரணமும் அதுவே. இவ்வாண்டு முதல், நம் வகுப்பில் வந்தமரும் சிற்றூர் மாணவர் ஒவ்வொருவரிடமும் அவர்தம் ஆங்கிலத் தாளைப் பற்றியும் கேட்போமாக.