ஸ்டாட்செக்

ஸ்டாட்செக் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் தரப்படும் புள்ளியியல் முடிவுகளில் கணக்கு முரண் உள்ளதா எனத் தானாகச் சரிபார்க்கும் கணினி நிரல் ஆகும். நெதர்லாந்து ஆய்வாளர்களான மிஷெல் நொய்ட்டன், சாஷா எப்ஸ்காம்ப் ஆகியோர் இதை ஆர் என்னும் நிரல்மொழியில் உருவாக்கினர். உளவியல் கட்டுரைகளைச் சரிபார்க்கவே இது பெரிதும் பயன்படுகிறது.

தேவை

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அத்துறை அறிஞர்கள் படித்து மதிப்பிடுகின்றனர். இது சக மதிப்பாய்வு எனப்படும். அவர்கள் ஆய்வின் நோக்கத்தையும் முறையையும் ஆராய்வார்களே தவிர, ஒவ்வோர் எண்ணையும் மீண்டும் கணக்கிட்டுப் பார்ப்பது அரிது. இதனால் இலக்கம் மாறித் தட்டச்சாவது, பழைய எண்ணைத் திருத்தாமல் விடுவது போன்ற பிழைகள் அச்சேறிவிடுகின்றன.

செயல்படும் முறை

சோதனை முடிவுகளை எழுதுவதற்கு அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த வடிவம் ஒன்று உண்டு. அதில் சோதனை மதிப்பு, கட்டின்மைப் பாகை, பி மதிப்பு ஆகியவை இடம்பெறும். கட்டின்மைப் பாகை பெரும்பாலும் மாதிரியின் அளவைப் பொறுத்தது. உண்மையில் விளைவு எதுவும் இல்லாதபோதும், கிடைத்த அளவு அல்லது அதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவே பி மதிப்பு. இது 0.05-ஐ விடக் குறைந்தால், முடிவு பொருட்படுத்தத்தக்கது எனக் கொள்வது வழக்கம்.

முதல் இரண்டும் தெரிந்தால் பி மதிப்பைக் கணக்கிட்டுவிடலாம். ஸ்டாட்செக் செய்வது இதைத்தான். எடுத்துக்காட்டாக, ஒரு கட்டுரையில் "டி(28) = 2.00, பி < 0.05" என்று இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டால் பி மதிப்பு ஏறத்தாழ 0.055 வரும். எனவே பொருட்படுத்தத்தக்கது என்று எழுதிய முடிவே மாறிவிடுகிறது. இதனைப் பெரும் முரண் என்பர்.

கண்டறிந்தவை

1985 முதல் 2013 வரை எட்டு முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் வெளியான 2,50,000-க்கும் மேற்பட்ட பி மதிப்புகள் இந்நிரலால் சரிபார்க்கப்பட்டன. இத்தகைய சோதனைகளைக் கையாண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ பாதியில் குறைந்தது ஒரு முரணாவது இருந்தது. எட்டில் ஒரு கட்டுரையில் பெரும் முரண் காணப்பட்டது. பொருட்படுத்தத்தக்கவை என எழுதப்பட்ட முடிவுகளிலேயே பெரும் முரண்கள் மிகுந்திருந்தன. ஆய்வாளர்கள் எதிர்பார்த்த முடிவு வந்துவிட்டால், அதை மறுபடி சரிபார்க்காமல் விடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சர்ச்சை

2016-இல் 50,000-க்கும் மேற்பட்ட உளவியல் கட்டுரைகளின் ஸ்டாட்செக் அறிக்கைகள் பொதுவெளியில் இடப்பட்டன. தங்கள் பெயருக்குக் களங்கம் வருமோ எனக் கட்டுரையாசிரியர்கள் சிலர் வருந்தினர். ஜெர்மானிய உளவியல் சங்கமும் கவலை தெரிவித்தது. பிழைகளை வெளிப்படையாகச் சுட்டுவதே அறிவியலுக்கு நல்லது என மற்றவர்கள் வாதிட்டனர். அதே ஆண்டில் சைக்காலஜிக்கல் சயன்ஸ் என்னும் ஆய்விதழ், கட்டுரைகளை வெளியிடும் முன்பே இந்நிரலால் சரிபார்க்கத் தொடங்கியது.

வரம்புகள்

வகுத்த வடிவத்தில் எழுதப்படாத முடிவுகளையும், பொதுவாக அட்டவணைகளில் உள்ளவற்றையும் ஸ்டாட்செக் படிப்பதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒருபக்கச் சோதனை செய்யப்பட்டிருந்தால் பி மதிப்பு பாதியாகி, எழுதியது சரியாகிவிடும். கட்டுரையில் அதைக் குறிப்பிடாவிட்டால் நிரல் அதனை முரண் எனக் காட்டக்கூடும்.

மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே இந்நிரல் சொல்லும். எந்த எண் தவறு, அது கவனக்குறைவா மோசடியா என்பதைச் சொல்லாது. முரண் இல்லாத கட்டுரையின் ஆய்வு முறையே தவறாகவும் இருக்கலாம். எனவே இதன் அறிக்கை தீர்ப்பு அன்று. மீண்டும் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே.