பாஸ் ஆன பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா?

ஓர் ஊரில் ஐந்து கடைகள். ஐந்து கடையிலும் ஐந்து விதமான படி. ஒன்று பெரிது. ஒன்று சிறிது. எந்தக் கடையில் அரிசி மலிவு என்று சொல்ல முடியுமா? முடியாது. முதலில் எல்லாக் கடையிலும் படி ஒன்றாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத் தேர்வும் அப்படித்தான். ஒவ்வொரு பள்ளியும் தானே கேள்வி போடுகிறது. தானே திருத்துகிறது. ஒரு பள்ளியில் 80 மார்க். அடுத்த பள்ளியில் 50 மார்க். எந்தப் பிள்ளைக்கு அதிகம் தெரியும்? மார்க்கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுள்ள கேள்விகளை வைத்துப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி திருத்துகிறார்கள். இதுதான் பொது அளவுத் தேர்வு.

அரசாங்கம் இப்படி ஒரு தேர்வு நடத்துகிறது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 34 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். 2024 டிசம்பர் 4ஆம் தேதி 3, 6, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 21 லட்சம் பேர் எழுதினார்கள். இதில் பாஸ் இல்லை, பெயிலும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு என்று மார்க் வராது. பானையில் ஒரு சோற்றை நசுக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அது போல, நாட்டில் படிப்பு வெந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

2024 தேர்வில் என்ன தெரிந்தது? மூன்றாம் வகுப்பில் 100 பேரில் 55 பேர்தான் 99 வரையுள்ள எண்களைச் சிறியது, பெரியது என்று வரிசைப்படுத்தினார்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் 'அசர்'. இந்தியில் அசர் என்றால் பலன், விளைவு என்று பொருள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் இதைத் தொடங்கியது. இதில் பிள்ளை பள்ளிக்குப் போய் எழுத வேண்டாம். தொண்டர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். ஊரை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து வீடு. ஆக, ஊருக்கு 20 வீடு. திண்ணையிலோ வாசலிலோ பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளைக் காட்டுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை, தனியார் பள்ளிப் பிள்ளை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எல்லாருக்கும் அதே தாள்தான்.

அந்தத் தாளில் நான்கு படிகள் உண்டு. எழுத்துகள். சின்னச் சொற்கள். முதல் வகுப்புக்கு ஏற்ற நான்கு வரி. இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற சின்னக் கதை. பிள்ளை எந்தப் படி வரை ஏறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கணக்கும் உண்டு. எண் தெரிகிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா, வகுக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

2018இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 50 பேர் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தார்கள். பிறகு கொரோனா வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2022இல் 43 பேர்தான் படித்தார்கள். 2024இல் இது 49 ஆக ஏறியது. நாடு முழுவதும் கிராமங்களில் எடுத்த கணக்கு இது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புக் கதை வாசிக்க வரவில்லை!

ஏன் இப்படி? பல பள்ளிகளில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார். வகுப்புப் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. எழுத்தே பிடிபடாத பிள்ளை ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் பாடம் இன்னும் கடினம். அதற்கடுத்த வருடம் இன்னும் கடினம். 'பெயில் போட்டால் சரியாகிவிடும்' என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போன வருடம் புரியாததை அதே மாதிரி மறுபடியும் நடத்தினால் இந்த வருடம் மட்டும் எப்படிப் புரியும்? வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரம், எழுத்து தெரியாதவர்கள் ஒரு குழு, சொல் வரை வந்தவர்கள் ஒரு குழு என்று உட்கார வைத்தால் பிள்ளைகள் மேலே ஏறுகிறார்கள். பல மாநிலங்களில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தேர்வை நீங்களே வீட்டில் வைக்கலாம். இப்போது உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே!

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பிள்ளையின் பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும். விரல் ஒரு வரியில் இருக்கும். வாய் வேறு வரியில் இருக்கும். நாம் 'ஆகா, படிக்கிறதே' என்று மகிழ்ந்துவிடுவோம். அதனால் பிள்ளை பார்க்காத ஒன்றைக் கொடுங்கள். இந்தப் புத்தகத்தையே கொடுங்கள். முதல் நான்கு வரி போதும். நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் சரி. வரியாகப் படிக்கிறதா, எழுத்துக் கூட்டித் திணறுகிறதா என்று கேளுங்கள். திணறினால் ஐந்து சொல் காட்டுங்கள். நான்கு சரியாக வந்தால் சொல் தெரியும். வரவில்லையா? ஐந்து எழுத்தைக் காட்டுங்கள். கணக்குக்கு 41இல் 17 போனால் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். விடை 24.

வராவிட்டால் அடிக்காதீர்கள். திட்டவும் வேண்டாம். பயந்த பிள்ளை தெரிந்ததையும் மறைக்கும்.

மறுநாள் பள்ளிக்குப் போங்கள். 'டீச்சர், என் மகள் எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்று பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். 'டீச்சர், என் மகள் சொல் வரை படிக்கிறாள். வரி படிக்க வரவில்லை. நான் வீட்டில் என்ன செய்யட்டும்? நீங்கள் பள்ளியில் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்தில் சுவர், கூரை, கழிப்பறை பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் தேவைதான். அதோடு, 'மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கதை படிக்கிறார்கள்? எத்தனை பேர் எழுத்தில் நிற்கிறார்கள்?' என்றும் கேளுங்கள். பதிலைக் கூட்ட நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படித்துப் பாருங்கள்.