95 சதவீதம் எண்ணெய் போச்சு... மிச்சம்?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தாம்பரம், பொத்தேரி பக்கம் நாமெல்லாம் வெள்ளம் எப்போ வடியும்னு பார்த்துட்டு இருந்த அதே நாட்களில், எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலி தொழிற்சாலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, மீனவர்களின் படகு, வலை எல்லாவற்றிலும் கருப்பாக அப்பிக்கொண்டது.

மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுத்துடலாம். தண்ணீருக்குள்ளேயே பொடிப்பொடித் துளிகளாகக் கலந்திருக்கிற எமல்ஷன்தான் தலைவலி. துளியின் விட்டம் பாதியானால் அது மேலே ஏறும் வேகம் கால்வாசியாகிடும். (ஸ்டோக்ஸ் விதி, ஞாபகம் இருக்கா?) அதனால் படிகாரம் மாதிரி ஏதாவது போட்டுத் துளிகளை ஒன்று சேர்க்கணும். எவ்வளவு போடுறது, பிஹெச் எவ்வளவு வைக்கிறது? அதற்குத்தான் ஜார் டெஸ்ட்: வரிசையாகப் பீக்கர், ஒவ்வொன்றிலும் வேற வேற அளவு. நாள் முழுக்க ஓடும்.

அந்த வேலையைக் குறைக்கத்தான் மெஷின் லேர்னிங். பிஹெச், படிகார அளவு, கலக்கும் நேரம், ஆரம்பத்தில் இருந்த எண்ணெய் எல்லாம் இன்புட். எத்தனை சதவீதம் எண்ணெய் நீங்கும் என்பது அவுட்புட். ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டால் பத்து வரி கோடு, ஆர் ஸ்கொயர் 0.98. ஸ்க்ரீன்ஷாட்டை குரூப்பில் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க.

ஒரே சோதனையை மூணு தடவை செஞ்சு, எக்செலில் மூணு வரியா போட்டிருப்பீங்க. ரேண்டமா பிரிச்சா ரெண்டு ட்ரெயினிங்குக்கும் ஒண்ணு டெஸ்ட்டுக்கும் போகலாம். கொஸ்டின் பேப்பர் லீக் ஆன எக்ஸாம் அது. மூணும் ஒரே பக்கம் போற மாதிரி பிரிங்க.

ரேண்டம் ஃபாரஸ்ட் சொல்றது, ஏற்கெனவே பார்த்த விடைகளின் சராசரிதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் பழக்கிட்டு 2000 மில்லிகிராம் தண்ணியைக் கொடுத்தாலும், 500க்குச் சொன்ன பதிலையே கூசாமல் சொல்லும். வெள்ள நாளில் வர்ற தண்ணி நம்ம எக்செலுக்குள் அடங்கி வருமா?

எனக்கு ரொம்ப உறுத்துறது அந்த சதவீதம்தான். லிட்டருக்கு 1000 மில்லிகிராமில் 95% போனால் 50 மிச்சம். ஆற்றில் விடப் பொது வரம்பு 10. பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 5. அதே தண்ணியில் 98% நீங்கினால் 20 மிச்சம், 99% என்றால் 10. மாடல் ஒரே ஒரு சதவீதம் கூட்டிச் சொன்னால் போதும், விடக்கூடாத தண்ணி பாஸ் ஆகிடும். அதனால் அவுட்புட்டில் சதவீதத்தை எடுத்துட்டு, மிச்ச எண்ணெயை மில்லிகிராமிலேயே வைங்க.

அப்புறம், லேபில் இன்ஜின் ஆயிலையும் சோப்பையும் கலக்கிச் செஞ்ச தண்ணியோடு நிறுத்திடாதீங்க. ஜிஎஸ்டி ரோட்டில் ஏதாவது ஒரு வாட்டர் வாஷ் கடையில் கேட்டு ஒரு கேன் கழிவுநீர் வாங்கிட்டு வந்து, மாடல் அதற்கு என்ன சொல்லுதுன்னு முதலில் பாருங்க.